பழைய படங்களில் ஒரு புதிய எரிமலை

மேற்குத் தொடர்ச்சி மலையின் மகாராட்டிரப் பகுதியில் மலைப்பாதை ஏறுவோருக்கு, அம்மலைகள் படிக்கட்டு வைத்துக் கட்டப்பட்டவை போலத் தோன்றும். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் பிளவுகள் வழியே பொங்கிய எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்ததன் எச்சம் அது. தக்காணப் படிப்பாறை என்று நிலவியலார் அதனை அழைப்பர். அவ்வடுக்குகளைத் தொட்டும், சுத்தியலால் தட்டியும், ஒன்றின் மேல் ஒன்று எப்போது படிந்தது என்று எண்ணியும் நிலவியல் கற்ற மாணவி ஒருவர், முனைவர் பட்டத்துக்குத் தேர்ந்துகொண்டது தொட முடியாத ஒரு நிலத்தை. வெள்ளிக் கோளின் எரிமலைச் சமவெளிகளே அவருடைய ஆய்வுக் களம்.

ஆய்வுக் குழுவின் முதல் கூட்டத்தில் அவர் தம் முன்மொழிவை விளக்கினார். மெகல்லன் விண்கலம் 1990 முதல் 1992 வரை எடுத்த ரேடார் படங்களில், ஒரே இடம் இருமுறை பதிவான பகுதிகளைத் தேர்ந்து, இரண்டுக்கும் இடையே நிலத்தில் மாற்றம் உண்டா என்று பார்ப்பது அவருடைய திட்டம். குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முப்பது ஆண்டுப் பழைய தரவு. உலகமே பார்த்துச் சலித்தது. அதில் ஒரு மாற்றத்தையும் 2023இல் கண்டு வெளியிட்டுவிட்டார்கள். இனி நீங்கள் எதைக் கண்டாலும் இரண்டாவதுதானே?" என்றார்.

"இரண்டாவதாக இருந்தால் என்ன, சார்?" என்று மாணவி கேட்கவில்லை. கேட்கும் துணிவு அன்று அவருக்கு இல்லை. குறித்துக்கொண்டு அமர்ந்தார்.

அக்கேள்வி கொடுமையானதன்று. ஆய்வு உதவித்தொகை ஐந்து ஆண்டுகளுக்கு உரியது. அதற்குள் புதியதாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆய்விதழ்கள் 'புதுமை' என்னும் தலைப்பின்கீழ் மதிப்பெண் இடுகின்றன. ஏற்கெனவே ஒருவர் கண்டதை மீளப் பார்த்து "ஆம்" என்றோ "இல்லை" என்றோ எழுதுபவருக்கு வேலைவாய்ப்பு நேர்காணலில் இடம் குறைவு. தம் மாணவி ஐந்தாம் ஆண்டில் வெறுங்கையோடு நின்றுவிடக் கூடாது என்னும் கவலையே அக்கேள்வியாக வெளிவந்தது. ஆயினும், வெள்ளிக் கோளைப் பற்றி மனிதர் இதுவரை அறிந்தவற்றின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால், அக்கவலைக்கு நேர் எதிரான ஒரு விடை அங்கே கிடக்கிறது.

அளவிலும் நிறையிலும் பூமிக்கு மிக நெருங்கியது வெள்ளி. விட்டத்தில் பூமியின் 95 விழுக்காடு. நிறையில் 81 விழுக்காட்டுக்குச் சற்று மேல். விடியலிலும் அந்தியிலும் நிலவுக்கு அடுத்து மிகப் பொலிவாகத் தெரிவதும் அதுவே. அப்பொலிவே அதன் மறைப்பும் ஆகும். ஏறத்தாழ 48 கிலோமீட்டரிலிருந்து 70 கிலோமீட்டர் உயரம் வரை கந்தக அமிலத் துளிகளாலான முகில் படலம் கோள் முழுவதையும் இடைவெளியின்றிப் போர்த்தியிருக்கிறது. எத்தனை பெரிய தொலைநோக்கியால் பார்த்தாலும், கண்ணுக்குப் புலப்படும் ஒளியில், நிலத்தைக் காண இயலாது. முகிலுக்குக் கீழே 96 விழுக்காட்டுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. தரையில் ஏறத்தாழ 465 பாகை செல்சியசு வெப்பம். பூமியின் கடல்மட்டத்தில் உள்ளதைப் போல் 90 மடங்குக்கு மேலான அழுத்தம்.

அத்தரையில் இறங்கிப் பார்க்கும் முயற்சியில் சோவியத்து ஒன்றியம் வெற்றி கண்டது. 1970 திசம்பரில் வெனிரா 7, வேறொரு கோளின் தரையிலிருந்து செய்தி அனுப்பிய முதற்கலம் ஆயிற்று. 1975இல் வெனிரா 9 தரையின் முதற்படத்தை அனுப்பியது. 1982இல் இறங்கிய வெனிரா 13, அரை மணி நேரம் தாங்கினால் போதும் என்று வடிவமைக்கப்பட்டிருந்தும் 127 நிமிடங்கள் உயிரோடிருந்தது. அந்த இரண்டு மணி நேரம் பொறியியலின் பெருஞ்சாதனை. ஆனால் இரண்டு மணி நேரத்தில் ஓர் இடத்தின் தோற்றத்தை அறியலாம். அவ்விடம் மாறுகிறதா என்பதை அறிய முடியாது. மாற்றத்தை அறிய வேண்டுமானால் நெடுங்காலம் இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வந்து பார்க்க வேண்டும். அதனைச் செய்ய வல்லது கோளைச் சுற்றிவரும் கலம் மட்டுமே.

1978 திசம்பரில் வெள்ளியின் சுற்றுப்பாதையை அடைந்த அமெரிக்காவின் பயோனியர் வீனசு 1992 வரை சுற்றியது. அதன் ரேடார் உயரமானி, முகிலுக்கு அடியில் மேட்டுநிலங்களும் தாழ்நிலங்களும் எங்கெங்கே உள்ளன என்பதற்கு முதல் வரைபடத்தைத் தந்தது. அதே கலம், முகிலுக்கு மேலே கந்தக டை ஆக்சைடின் அளவு ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருவதையும் பதிந்தது. தான் வருவதற்குச் சற்று முன் பெரிய எரிமலை ஒன்று வெடித்து, அதன் புகை மெல்ல அடங்கியதைத்தான் கலம் பார்த்ததா? சிலர் அவ்வாறு கருதினர். வளிமண்டலச் சுழற்சியின் ஏற்றத்தாழ்வாகவும் இருக்கலாம் என்றனர் வேறு சிலர். வெள்ளியின் எரிமலைகள் இன்றும் உயிரோடு உள்ளனவா என்னும் கேள்வி அவ்வாறு எழுந்து, நாற்பது ஆண்டுகள் விடையின்றி நின்றது.

மெகல்லன் பிறந்த கதையே சிக்கனத்தின் கதை. வெள்ளியை ரேடாரால் படமெடுக்கும் பெரிய திட்டம் ஒன்றை நாசா 1982இல் செலவு கருதிக் கைவிட்டது. அதன் இடத்தில் சிறிய திட்டம் ஒன்று வரையப்பட்டு, பழைய பயணங்களில் மிஞ்சிய உதிரிப் பாகங்களைக் கொண்டு கலம் கட்டப்பட்டது. அதன் 3.7 மீட்டர் அலைவாங்கி, வாயேசர் திட்டத்தில் மிஞ்சியது. 1989 மே மாதம் அட்லாண்டிசு விண்ணோடத்திலிருந்து புறப்பட்டு, 1990 ஆகத்து 10 அன்று அது வெள்ளியை அடைந்தது.

அது பார்த்த முறையை விளங்கிக்கொள்வது இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. மெகல்லன் துருவங்களின் மேலாகச் செல்லும் நீள்வட்டப் பாதையில் மூன்றே கால் மணி நேரத்துக்கு ஒருமுறை வெள்ளியைச் சுற்றியது. கோளுக்கு அருகில் வரும்போது, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் அகலமுள்ள நீண்ட நாடா போன்ற நிலத்தை ரேடார் அலைகளால் வருடும். விலகிச் செல்லும்போது அதே அலைவாங்கியைப் பூமியின் பக்கம் திருப்பி, சேர்த்த தரவை அனுப்பும். அடுத்த சுற்றில் அடுத்த நாடா. கலத்தின் பாதை ஏறத்தாழ மாறாமல் நிற்க, கீழே கோள் மெல்லச் சுழன்று புதிய நிலத்தைக் கொணரும். வெள்ளி தன்னைத் தானே ஒருமுறை சுற்ற 243 நாட்கள் ஆகும். ஆகவே முழுக் கோளையும் ஒருமுறை பார்த்து முடிக்க எட்டு மாதங்கள். ஏற்கெனவே பார்த்த இடம் கலத்தின் கீழே மீண்டும் வருவதற்கும் அதே எட்டு மாதங்கள்.

அத்தகைய மூன்று சுழற்சிகளில், கோளின் 98 விழுக்காடு நிலத்தை மெகல்லன் படமெடுத்தது. நூறு மீட்டருக்குச் சற்று மேலான பொருள்களும் அப்படங்களில் தெரிந்தன. கோள் முழுவதும் ஏறத்தாழ ஆயிரம் விண்கல் பள்ளங்களே இருந்தன. அவையும் ஒரே சீராகச் சிதறிக் கிடந்தன. அதிலிருந்து, வெள்ளியின் மேற்பரப்பு சில நூறு மில்லியன் ஆண்டுகளே வயதுடையது என்று கணித்தனர். பழைய நிலத்தை எரிமலைக் குழம்பு மூடியிருக்க வேண்டும். மூடியது ஒரே ஊழியிலா, சிறிது சிறிதாகவா என்னும் வழக்கு இன்றும் முடியவில்லை. 1994 அக்டோபரில் மெகல்லன் வெள்ளியின் வளிமண்டலத்துள் இறக்கப்பட்டு அழிந்தது. தரவுகள் காப்பகத்தில் தங்கின.

அவ்வாறு தங்கிய படங்களுள் மிகப் புகழ் பெற்றது மாட் மோன்சு என்னும் எரிமலையின் படம். எகிப்தியரின் உண்மைக்கும் நீதிக்கும் உரிய தெய்வத்தின் பெயர் தாங்கிய அம்மலை, ஏறத்தாழ 8 கிலோமீட்டர் உயர்ந்து, வெள்ளியின் எரிமலைகளில் முதன்மையாக நிற்கிறது. உயரத்தைப் பல மடங்கு மிகைப்படுத்தி, செம்மஞ்சள் வண்ணம் ஏற்றிக் கணினியில் உருவாக்கிய அதன் முப்பரிமாணத் தோற்றம் பாடநூல்களிலும் வகுப்பறைச் சுவர்களிலும் இடம் பெற்றது. ஒரு தலைமுறை மாணவர்கள் வெள்ளி என்றால் அம்மலை என்றே அறிந்து வளர்ந்தனர். அம்மலையின் ஒரு வாய், அப்படங்கள் எடுக்கப்பட்ட காலத்திலேயே, ஒரு படத்துக்கும் மறு படத்துக்கும் இடையே உருமாறியிருந்தது. அதனை முப்பது ஆண்டுகள் எவரும் காணவில்லை.

கண்டவர் அலாசுகா பல்கலைக்கழகத்தின் இராபர்ட் எரிக். நாசாவின் அடுத்த வெள்ளிப் பயணமான வெரிட்டாசின் அறிவியல் குழுவைச் சேர்ந்தவர் அவர். மெகல்லன் படங்களைக் கணினித் திரையில் அருகருகே வைத்து, எரிமலைப் பகுதிகளை ஒவ்வொன்றாக, கண்ணாலேயே ஒப்பிட்டார். ஏறத்தாழ 200 மணி நேரம் அவ்வேலையில் கழிந்தது. மாட் மோன்சின் வடபுறம் உள்ள ஒரு வாய் 1991 பிப்ரவரியில் எடுத்த படத்தில் வட்டமாக, செங்குத்தான சுவர்களோடு, 2.2 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் இருந்தது. எட்டு மாதம் கழித்து, அக்டோபரில் எடுத்த படத்தில் அதன் பரப்பு ஏறத்தாழ இருமடங்காகி, வடிவம் கோணலாகி, உட்புறம் விளிம்பு வரை குழம்பால் நிரம்பியது போலத் தோன்றியது.

தோன்றியது என்பதற்கும் நிகழ்ந்தது என்பதற்கும் இடையே உள்ள தொலைவைக் கடப்பதில்தான் அவ்வாய்வின் உழைப்பெல்லாம் அடங்கியுள்ளது. ரேடார் பக்கவாட்டில் பார்க்கும் கருவி. தன்னை நோக்கிய சரிவை அது ஒளிர்வாகவும், தனக்கு அப்பாற்பட்ட சரிவை இருளாகவும் காட்டும். கரடான நிலம் வெளிறியும் வழவழப்பான நிலம் கறுத்தும் தெரியும். மெகல்லன் முதற்சுழற்சியில் ஒரு பக்கமிருந்தும், இரண்டாம் சுழற்சியில் அதற்கு எதிர்ப்பக்கமிருந்தும் பார்த்தது. ஒரு முகத்தை இடப்புறத்திலிருந்து ஒருமுறையும் வலப்புறத்திலிருந்து மறுமுறையும் விளக்கேற்றிப் பார்த்தால், மாறாத முகமும் மாறியது போலத் தெரியும். ஆகவே நாசாவின் ஜெட் உந்து ஆய்வகத்தைச் சேர்ந்த சுகாட் என்சிலி, அவ்வாய்க்குப் பல்வேறு வடிவங்களைக் கற்பித்து, ஒவ்வொன்றும் அந்த இரு கோணங்களில் எவ்வாறு தெரியும் என்று கணினியில் கணித்தார். வாய் மாறவே இல்லை என்னும் கருதுகோளோடு படங்கள் பொருந்தவில்லை. உருமாறியது என்பதே பொருந்தியது. 2023 மார்ச்சில் அவ்வாய்வு வெளிவந்தது. அடுத்த ஆண்டு, இத்தாலிய ஆய்வாளர்கள் மூவர் அதே மெகல்லன் தரவிலிருந்து, சிஃப் மோன்சு என்னும் எரிமலையின் சரிவிலும் நியோபி சமவெளியிலும், 1990க்கும் 1992க்கும் இடையே புதிய குழம்பு ஓடியதற்கான தடயங்களைக் காட்டினர்.

அந்த இத்தாலியர் மூவரும் இரண்டாவதாக வந்தவர்களே. ஆயினும் அவர்கள் வந்த பின்னரே முதலாமவரின் கண்டுபிடிப்புக்கு உறுதி கூடியது. ஓர் எரிமலையின் ஒரு வாயில் கண்டது தற்செயலாக இருக்கலாம். வாயின் சுவர் இடிந்து விழுந்திருக்கவும் கூடும். வேறு இரண்டு இடங்களில், வேறு முறையில், வேறு கைகள் கண்டபின் அது கோளின் இயல்பு என்று சொல்லும் துணிவு பிறக்கிறது. அறிவியலில் 'இரண்டாவது' என்பது வரிசை எண் அன்று. அது ஒரு பணி. முதலாவது கூற்றை அறிவாக்கும் பணி.

மெகல்லனிலும் அதுவே நிகழ்ந்தது. முதற்சுழற்சியிலேயே கோளின் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் படமாகிவிட்டது. வரைபடம் வேண்டும் என்பதே குறிக்கோள் என்றால், விடுபட்டவற்றை நிரப்பியதோடு நிறுத்தியிருக்கலாம். பார்த்ததை மீண்டும் பார்த்த அந்தச் சுற்றுகள் இல்லையென்றால், எரிக்கின் திரையில் இடப்புறப் படம் மட்டுமே இருந்திருக்கும். ஒப்பிட வலப்புறப் படம் இருந்திராது. 1991இல் அவ்விரண்டாம் சுற்றை இயக்கியவர்கள் தாங்கள் எதைப் பதிகிறோம் என்பதை அறியவில்லை. பதிந்து, குறியிட்டு, காப்பகத்தில் ஒழுங்காக வைத்தனர். அக்காலத்துக் கணினிகளில் கோளின் முழுத் தரவையும் முழுத் தெளிவில் விரித்து, பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்ப்பது தனியொருவருக்கு இயலாத செயல். தரவு காத்திருந்தது, கருவி பின்னர் வந்து சேர்ந்தது.

இந்திய ஆய்வுலகம் இதனைத் தன் அனுபவத்திலேயே அறியும். 2008 அக்டோபரில் புறப்பட்ட சந்திரயான் 1 பத்து மாதங்களே இயங்கியது. அதில் இருந்த நாசாவின் கனிம வரைபடக் கருவி நிலவில் நீர்த்தடயம் கண்ட செய்தி 2009 செப்டம்பரில் வெளியானபோது, அதற்குத் துணை நின்ற சான்றுகளுள் ஒன்று காசினி விண்கலத்தினுடையது. சனிக் கோளுக்குப் போகும் வழியில், 1999இல் நிலவைக் கடந்தபோது காசினி எடுத்த பத்தாண்டுப் பழைய தரவு அது. பின்னர், சந்திரயான் 1 மௌனமாகி ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2018இல் அதே கருவியின் தரவை மீண்டும் எடுத்து ஆராய்ந்த குழு ஒன்று, நிலவின் துருவப் பள்ளங்களில் நிலையாக நிழல் விழும் இடங்களில் பனிக்கட்டி வெளிப்படையாகக் கிடப்பதற்கு நேரடிச் சான்று கண்டது. கலம் இறந்தபின்னும் அதன் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன என்றே சொல்லலாம்.

காத்திருத்தலுக்கு வெள்ளி வைத்த மற்றொரு தேர்வு சப்பானியருடையது. விடியல் என்னும் பொருள்படும் அகாட்சுகி, 2010 மே மாதம் புறப்பட்டு, அவ்வாண்டு திசம்பர் 7 அன்று வெள்ளியை அடைந்தது. ஏறத்தாழ 12 நிமிடங்கள் எரிய வேண்டிய முதன்மை இயந்திரம் மூன்று நிமிடங்களுக்கு முன்பே நின்றது. எரிபொருள் குழாயின் தடுப்பிதழ் ஒன்றில் உப்பு படிந்து அடைத்ததே காரணம் என்று பின்னர் அறிந்தனர். கலம் வெள்ளியைக் கடந்து சூரியனைச் சுற்றப் போய்விட்டது. இயந்திரம் உடைந்தது, திட்டம் முடிந்தது என்று கோப்பை மூடியிருக்கலாம். பொறியாளர்கள் வேறு கணக்கைத் தொடங்கினர். இனிப் பயன்படாத ஏறத்தாழ 65 கிலோ ஆக்சிசனேற்றியை விண்வெளியில் கொட்டி எடையைக் குறைத்தனர். கலத்தின் திசையைத் திருப்புவதற்கு மட்டுமே வைத்திருந்த சிறிய உந்திகளைக் கொண்டு கோளின் பிடிக்குள் செல்லும் பாதையைத் தேடினர். திட்டமிட்டதைவிடச் சூரியனுக்கு நெருக்கமாகச் சென்று, தாங்குவதற்கு வடிவமைக்கப்படாத வெப்பத்தைக் கலம் மீண்டும் மீண்டும் தாங்கியது. சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 2015 திசம்பர் 7 அன்று, நான்கு சிறிய உந்திகள் 20 நிமிடங்கள் எரிந்தன. அகாட்சுகி வெள்ளியின் சுற்றுப்பாதையில் நின்றது.

நின்றவுடனே அது கண்டது எவரும் எதிர்பாராதது. முகில்களின் உச்சியில், வடக்கிலிருந்து தெற்கு வரை ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் நீளத்தில், வில்லாக வளைந்த ஓர் அமைப்பு. வெள்ளியின் மேல் வளிமண்டலம் நான்கு நாட்களுக்கு ஒருமுறை கோளையே சுற்றிவிடும் வேகத்தில் ஓடுவது. அவ்வளவு வேகக் காற்றில் அந்த வில் நாள்கணக்கில் நகராமல் நின்றது. அதன் அடியில் அப்ரோடைட்டி என்னும் மேட்டுநிலம் இருந்தது. மலைமேல் மோதி எழுந்த காற்றலை, முகில்களின் உச்சி வரை ஏறிச் சென்று பதிந்த தடம் அது என்று விளக்கினர். பின்னர் வந்த ஆண்டுகளில் அத்தகைய வில்கள் மேட்டுநிலங்களின் மேல் மீண்டும் மீண்டும் தோன்றுவதைக் கலம் பதிந்தது. ஒருமுறை கண்டபோது வியப்பாக இருந்தது, பலமுறை கண்டபின் வளிமண்டலத்துக்கும் நிலத்துக்கும் உள்ள உறவைப் பேசும் சான்றாயிற்று. 2024 ஏப்ரலில் தொடர்பு அறும் வரை அகாட்சுகி சுற்றியது.

இப்போது இந்தியாவும் அவ்வழியில் இறங்கியிருக்கிறது. வெள்ளிக்குச் சுற்றுக்கலம் அனுப்பும் திட்டத்துக்கு 2024 செப்டம்பர் 18 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மொத்தம் 1,236 கோடி ரூபாய். அதில் 824 கோடி ரூபாய் கலத்துக்கு. 2028 மார்ச் மாதம் ஏவுவது திட்டம். பூமியிலிருந்து வெள்ளிக்குச் செல்ல ஏற்ற வேளை ஏறத்தாழ 19 மாதங்களுக்கு ஒருமுறையே வாய்க்கும். நாசாவின் வெரிட்டாசும் ஐரோப்பாவின் என்விசனும் அடுத்த பத்தாண்டில் செல்லவிருக்கின்றன. இக்கலங்களின் ரேடார்கள் அதே நிலத்தை, மெகல்லனைவிடக் கூர்மையாக, நாற்பதாண்டு இடைவெளியில் மீண்டும் காணும். எட்டு மாதத்தில் ஒரு வாய் உருமாறியது என்றால், நாற்பதாண்டில் எத்தனை உருமாறியிருக்கும்? அதைச் சொல்ல முதற்படம் வேண்டும். அம்முதற்படம் மெகல்லனுடையது. புதிய கலம் பழைய தரவைத் தேவையற்றதாக்கும் என்னும் எண்ணம் இங்கே தலைகீழாகிறது. புதியது வர வர, பழையதன் மதிப்பு ஏறுகிறது.

"புதிய தரவு வரும்வரை காத்திருக்கலாமே" என்றும் ஆய்வுக் குழுவில் ஒருவர் அம்மாணவிக்கு அறிவுரை கூறியிருந்தார். கலம் ஏவப்பட்டு, கோளை அடைந்து, பாதை சீராகி, தரவு சரிபார்க்கப்பட்டுப் பொதுவெளிக்கு வருவதற்குள் அவருடைய உதவித்தொகை முடிந்திருக்கும். ஐந்து ஆண்டுகளில் வெள்ளி தன்னைத் தானே சுற்றுவது ஏழரை முறை. ஒரு முனைவர் பட்டத்தின் காலம் அக்கோளின் நாட்காட்டியில் அவ்வளவே. கோளின் கடிகாரமும் உதவித்தொகையின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அதற்குக் கோளையும் குறை சொல்ல முடியாது, மாணவரையும் குறை சொல்ல முடியாது. பழைய தரவைப் படிப்பதற்கு இடம் கொடுக்கும் ஆய்வு முறை மட்டுமே அவ்விரு கடிகாரங்களையும் ஓரளவு பொருத்தி வைக்க முடியும்.

நெறியாளர் துணை நின்றதால் முன்மொழிவு ஒருவாறு ஏற்கப்பட்டது. தலைப்பை மட்டும் சற்று மாற்றச் சொன்னார்கள். ஒரு பருவம் முழுவதும் அவர் இணை இணையாகப் படங்களைப் பார்த்தார். தக்காணத்தின் பாறையடுக்குகளில் ஒரு குழம்போட்டம் மற்றொன்றின் மேல் ஏறிய எல்லையைத் தேடிப் பழகிய கண், திரையிலும் அத்தகைய எல்லைகளையே தேடியது. நள்ளிரவு தாண்டிய ஒரு வேளையில், ஓரிடத்தில் முன்பு இல்லாத வெளிறிய நாக்கு ஒன்று நீண்டிருப்பது போலத் தோன்றியது. அன்றிரவு அவர் உறங்கவில்லை. மறுநாள் நெறியாளரிடம் காட்டியபோது, "முதலில் ரேடார் எந்தப் பக்கம் பார்த்தது என்று கணித்துவிட்டு வா, அம்மா. அதுவரை மகிழாதே" என்றார் அவர். மூன்று வாரம் சரிவுகளைக் கற்பித்துக் கணித்ததில், அந்த நாக்கு புதியதன்று என்பது தெளிவாயிற்று. அது முன்பே இருந்தது; எதிர்ப்பக்கத்திலிருந்து ஒளி விழுந்தபோது வெளிப்பட்டது.

அதன்பின் ஓரிரு நாட்கள் அவர் ஆய்வகத்துக்கு வரவில்லை. வந்தபோது ஓர் அட்டவணை தயாரிக்கத் தொடங்கினார். பார்த்த ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வரிசை: அகலாங்கு, நெட்டாங்கு, முதற்படத்தின் நாள், இரண்டாம் படத்தின் நாள், பார்வைக் கோணங்கள், முடிவு. முடிவு என்னும் கட்டத்தில் பெரும்பாலும் ஒரே தொடர்: 'மாற்றம் காணப்படவில்லை.' ஏமாற்றிய அந்த நாக்குக்கு உரிய வரிசையில், எதனால் மாற்றம் போலத் தோன்றியது என்பதையும், எந்தக் கணிப்பால் அது விலக்கப்பட்டது என்பதையும் எழுதிவைத்தார். வேறொருவர் அதே இடத்தில் அதே இரவை இழக்காமல் இருக்க அக்குறிப்பு உதவும்.

அடுத்த ஆய்வுக் குழுக் கூட்டத்தில் அந்த அட்டவணை திரையில் விரிந்தபோது, மூத்த உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "மாற்றம் இல்லை என்பதை எப்படி நம்புவது?" என்று கேட்டார். முதற்கூட்டத்தில் கேட்டதைவிட நல்ல கேள்வி அது. எவ்வளவு சிறிய மாற்றம்வரை இப்படங்களில் தெரியும், எதற்குக் கீழே தெரியாது என்று மாணவி விளக்கினார். இம்முறை அவர் குறித்துக்கொள்ளவில்லை, உறுப்பினர் குறித்துக்கொண்டார்.

"கடைசியில் ஒரு நெடுவரிசை வெற்றாக இருக்கிறதே? நிரப்ப மறந்துவிட்டீர்களா?" என்றார் பின்னர்.

"இல்லை, சார். அது புதிய கலத்தின் படத்துக்கு. நான் நிரப்புவதற்கு அன்று."

உறுப்பினர் தலையசைத்து, அடுத்த பக்கத்துக்குப் போகச் சொன்னார்.